கண்டக்டர் சங்கையாவின் வாய்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கூமாப்பட்டி போகும் பஸ்ஸில் சங்கையா பன்னிரண்டு வருசமாகக் கண்டக்டர். எண்பத்தெட்டாம் வருசம் வரைக்கும் அந்தத் தடத்தில் அவரைப் போலக் கூட்டத்தை அடக்கிய ஆள் கிடையாது. படியில் தொங்குகிறவன் முகத்துக்கு நேரே குனிந்து, "உள்ள ஏறுலே" என்று ஒரு தடவைதான் சொல்வார். கூட்டமே நகர்ந்து இடம் விடும். எவனும் எதிர்த்துப் பேசியதில்லை. எல்லாம் தன் குரலுக்கு இருக்கிற மரியாதை என்றே நினைத்திருந்தார்.

ஒருநாள் சிவனாண்டி என்கிற, காடுகரை வைத்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஏய்யா கண்டக்டரே, செத்த அந்தப் பக்கம் பாத்துப் பேசும். டிக்கெட்டு எடுக்கத்தான் வந்தேன், மயங்கி விழ வரல."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் காசிராஜன் சிரித்த சிரிப்பில் ஹாரனையும் சேர்த்து அடித்துவிட்டார்.

மறுநாள் லீவு போட்டு, வாய் நாறுகிறதா என்று வீட்டில் சோதனை. கண்டக்டர் புத்தி எங்கே போகும்? டிக்கெட் கிழிக்க எச்சில் தொடுகிற கட்டைவிரலையே நக்கி மோந்தார். சில்லறை வாசம்தான் வந்தது.

"ஒண்ணுமில்லட்டி. அந்த ஆளு பொய் சொல்லுதான்."

மனைவி வேலுத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "அந்த வெரலு பன்னெண்டு வருசமா காசுல ஊறிக் கெடக்கு. எம்புட்டு மோந்தாலும் காசுதான் மணக்கும். மணிக்கட்ட நக்கிக் காயவிட்டு மோந்து பாருங்க."

பார்த்தார். தலை தானாகப் பின்னால் போயிற்று. விடவில்லை, ஸ்பூனால் அடிநாக்கை வழித்து அதையும் மோந்தார். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"கல்யாணத்தன்னைக்கே தெரியும். சொன்னா மூஞ்சிக்கு நேர வந்துல்லா கத்துவீக. அதுக்குச் சும்மா இருக்கலாம்னு இருந்துட்டேன்."

வெற்றிலை புகையிலையை விட்டார். இரண்டு வேளையும் பல் தேய்த்து நாக்கை வழித்தார். பத்தே நாளில் மணிக்கட்டு நாறவில்லை. அதிகாரமும் அதோடு போயிற்று. "உள்ள ஏறுலே" என்றால், "எங்க இருக்கு எடம்?" என்று பயல்கள் திருப்பிக் கேட்டான்கள். கிருஷ்ணன்கோவிலில் ஏறிய காய்கறிக்காரி ஆவுடையம்மாளிடம் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னதற்கு, அவள் மூக்கு முட்டுகிற மாதிரி வந்து நின்று வைதாள்: "கூடைக்கு என்னய்யா டிக்கெட்டு? அது சீட்டுலயா உக்காந்து வருது?"

காசிராஜன் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, ஒரு சத்தம் போட்டா அடங்கிருவால்ல?"

"கொஞ்சம் பொறுப்பா. இம்புட்டுப் பக்கத்துல நின்னு நம்மகிட்ட ஆரு சண்ட போட்டிருக்கா? பேசி முடிக்கட்டும்" என்றார் சங்கையா.

அவள் இறங்குகிற வத்திராயிருப்பு வரைக்கும் பேசினாள். கூடைக்கு டிக்கெட் எடுக்கவே இல்லை.