விருந்தாளிக் கவர்

சனிக்கிழமை மாலை ராஜபாளையத்தில் நான் டவுன் பஸ் ஏறினால் அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்காருவார். பேண்டேஜ் கம்பெனியில் வேலை. புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், தட்டிவிட மாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் வாரச் சம்பளத்தைப் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் பிரித்துப் போட்டுவிடுவார். வாடகை, பால், சிலிண்டர், மருந்து என்று எழுதியிருக்கும். ஒரு கவர் காசை இன்னொன்றுக்குத் தொடவே மாட்டார்.

ஒரு கவரில் ‘பஸ்’ என்பதை அடித்துவிட்டு ‘விருந்தாளி’ என்று எழுதியிருந்தது.

“பொம்பளையளுக்கு டிக்கெட் இல்லன்னு ஆன பொறவு மாத்திட்டேன். யாராச்சும் வந்தா கறி எடுக்கணும்லா?”

வீட்டில் அவர் ஒருவர்தான். அந்தக் கவர் மட்டும் தடித்துக்கொண்டே போனது.

ஒரு வாரம் இருமிக்கொண்டே வந்தார். மருந்துக் கவர் காலி.

“விருந்தாளிக் கவர்ல இருந்து எடுங்கக்கா.”

“அது என் காசு இல்லட்டி, வாரவியளுக்கு உள்ளது.” கவரை மடித்துப் பைக்குள் வைத்தார். “நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, நீ வாயேன்.”

“வாரேன்க்கா” என்றேன். மறுநாள் துணி துவைத்தேன், தூங்கினேன். அந்த நினைப்பே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் இருமல் இருந்தது. ஆனால் விருந்தாளிக் கவர் மெலிந்திருந்தது.

“மருந்து வாங்கிட்டீங்களாக்கா?”

“இல்லட்டி. நீ வாரேன்னு சொன்னல்லா, அரைக் கிலோ எடுத்தேன்.”

குரலில் கோபம் இல்லை. அவர் புதுச் சம்பளத்தைப் பிரித்து, முதல் நோட்டை அந்தக் கவரிலேயே போட்டார்.