நாற்பதாம் நாள் கோட்டு

போன மாதம் மில்காவுக்கு வழியனுப்பு விழா நடந்தது. முப்பத்தோரு வருடம் எங்கள் மாணவர் விடுதியின் வாசல் கூண்டில் உட்கார்ந்து சாவி கொடுத்தவள். கேக் வெட்டினார்கள். சமூகவியல் துறையிலிருந்து வந்த ஒரு இளம் ஆசிரியை காகிதத்தைப் பார்த்துப் பேசினாள். பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும், ஆணை நேசிக்கும் ஆணுக்கும், வீட்டில் வைத்த பெயரில் அடங்காத பிள்ளைக்கும் மில்கா அத்தை பிறவித் துணை என்றாள். பிறவித் துணையாம்! பிள்ளைகள் கைதட்டினார்கள். மில்கா எழுந்து கழிவறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"ரயினா, அந்தப் பொண்ணுகிட்ட யாராவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"என்னன்னு?"

"நான் யாருன்னு."

அவளால் சொல்ல முடியாது. அதனால் நான் சொல்கிறேன். அதே விடுதியில் மூன்று மாடிகளுக்குத் தரை துடைப்பவள் நான். சர்க்கரை தடவிப் பேசும் வழக்கம் எனக்குக் கிடையாது.

மில்காவுக்கு வாய் இருந்தது. அதுதான் அவளுக்கு இருந்த ஒரே சொத்து. புருஷன் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளை கிடையாது. எந்தப் பையன் வகுப்புக்குப் போகவில்லை, எந்தப் பெண்ணுக்கு இருமல், யார் யாரோடு சண்டை, எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய் ஜாடிகளோடு வரும் பெற்றோரிடம் ஒப்பிப்பாள். அவர்களும் வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தை ஒரு போத்தல் கூண்டுக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். "பெத்தவங்களுக்குத் தெரியாம பிள்ளைக்கு என்ன ரகசியம்?" என்பாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இஸ்க்ரா என்று ஒரு பெண் இருந்தாள். வரலாறு படித்தாள். ஊர், தன்யூப் ஆற்றங்கரையில் ஒரு கிராமம். கொக்கு மாதிரி உயரம். நடக்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். அவளும், அடுத்த விடுதியில் இருந்த மிரெலாவும் ஒன்றாகவே இருப்பார்கள். ஒருநாள் கூண்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இஸ்க்ராவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், மிரெலாதான் தனக்கு எல்லாம் என்று. யாரிடமும் சொல்லாததை மில்காவிடம் சொன்னாள். மில்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "நல்ல பொண்ணாத்தான் பாத்திருக்க" என்றாளாம். இதை என்னிடமும் சொன்னாள். நான் மூக்கைச் சுளித்தேன், அசிங்கமாக ஏதோ சொல்லிச் சிரித்தேன். நான் மட்டும் என்ன யோக்கியம்?

அக்டோபர் பதினேழாம் தேதி இஸ்க்ராவின் அப்பா ஸ்தமென் வந்தார். டிராக்டர் ஓட்டுபவர். கழுத்தே இல்லாத மனிதர், ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. மகள் வகுப்பில் இருந்தாள். கூண்டில் உட்கார்ந்து மில்காவுக்கும் தனக்கும் சாராயம் ஊற்றினார். நான் வெளியே படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மில்கா, எம்பொண்ணுகிட்ட மாப்பிள்ளை எவனாவது சிக்கினானா? கல்யாணத்துக்குப் பன்னி வளக்கணுமா வேண்டாமா? சொன்னா இப்பவே குட்டி வாங்கிருவேன்."

"பசங்க பக்கமே திரும்ப மாட்டா, நீங்க கவலையே படாதீங்க. அவளுக்கு மிரெலா இருக்கா. ஒரே தட்டு, ஒரே போர்வை. உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் அவதான் கண்ணு மூடாமப் பாத்துக்கிட்டா. நானும் ஒருத்தனைக் கட்டினேனே, என்னை எவன் அப்படிப் பாத்தான்? பொண்ணோ பையனோ, மனசு நிறைஞ்சு ஒருத்தர் இருந்தாப் போதாதா?"

மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று கேட்டால் எந்த அப்பனும் மகிழ்வான் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. ஸ்தமென் கோப்பையைக் கீழே வைத்தார். மூடியைத் தேடி எடுத்துப் போத்தலை மூடினார். மகளைப் பார்க்காமலே வண்டியேறிப் போய்விட்டார்.

பத்தாம் நாள் காலை விடுதியின் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதலில் பார்த்தது நான். எங்கள் ஊர்களில் செத்தவர்களுக்குக் கறுப்புக் கரை போட்டு, படம் வைத்து ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலித் தாள். கதவில், மரத்தில், மின்கம்பத்தில் எங்கும் இருக்கும். ஒட்டியதை யாரும் கிழிக்கமாட்டோம். மழையும் காற்றும் கொண்டுபோகும் வரை செத்தவர் அங்கேதான் இருப்பார். தாளில் இஸ்க்ராவின் படம். பிறந்த தேதி. இறந்த தேதி: அக்டோபர் பதினேழு. கீழே, "துயருறும் குடும்பத்தார்".

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எவனோ ஒருவன் சிரித்தான். இஸ்க்ரா பையோடு இறங்கி வந்தாள். கூட்டம் விலகியது. தன் தாளைத் தானே முழுதாகப் படித்தாள்.

"இந்தப் போட்டோ பள்ளிக்கூடத்துல எடுத்தது," என்றாள். "எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது."

மில்கா ஆப்பிள் நறுக்கும் கத்தியோடு கூண்டைவிட்டு வந்தாள். மார்பில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தாளைச் சுரண்ட ஆரம்பித்தாள். விடுதி மேலாளர் கத்தினார்.

"ஏய், கையை எடு! செத்தவங்க தாளைக் கிழிச்சா கிழிச்சவ வீட்டுக்குச் சாவு வரும்!"

"வரட்டும். என் வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

பதினேழாம் தேதி அப்பா கூண்டுவரை வந்துபோனது இஸ்க்ராவுக்குத் தெரியும். அவள் மில்காவைப் பார்த்தாள். "நீங்க ஒட்டினதை நீங்களே கிழிக்கிறீங்களா அத்தை?"

அதோடு பேச்சு நின்றது. நாலு வாரம் இஸ்க்ரா கூண்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. சாவியை எடுப்பாள், போய்விடுவாள். வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. செப்டம்பரில் மெல்லிய மேல்சட்டையோடு வந்திருந்தாள், குளிர்காலக் கோட்டு ஊரில் இருந்தது. நவம்பரில் மலைக்காற்று பல்லை ஆட்டிவிடும். அவள் உதடு நீலம் பாரித்துத் திரிந்தாள். மிரெலா தன் கோட்டைக் கொடுத்தால் அதன் கை இவளுக்கு முழங்கை வரைதான் வந்தது. மில்கா தன் கோட்டை அறை வாசலில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். அது கூண்டுக்கே திரும்பி வந்தது. சீஸ் வைத்த அடை சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"எனக்குப் பலகாரமெல்லாம் வேண்டாம் அத்தை," என்றாளாம் இஸ்க்ரா. "நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க. அது போதும்."

அன்று மூடியதுதான். அடுத்த ஞாயிறு ஒரு தாய் வந்து, "எம்பையன் யாரோட சுத்தறான்?" என்று கேட்டபோது, "சாவி கொக்கியில இருக்கா இல்லையா, அது ஒண்ணுதாம்மா எனக்குத் தெரியும்" என்றாள். கூண்டில் சாராயப் போத்தல்கள் குறைந்தன. பிற்பாடு இஸ்க்ரா மாதிரிப் பிள்ளைகள் கூடிப் பேச இடம் கேட்டு, மேலாளர் படிப்பறையைத் தர மறுத்தபோது, சலவை அறையைத் திறந்துவிட்டு வாசலில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு உட்கார்ந்தவள் இவள்தான். வம்புக்கு வந்தவர்களை, "குழாய் உடைஞ்சிருக்கு, போ போ" என்று விரட்டினாள். விழாவில் கைதட்டியதெல்லாம் அதற்குத்தான். அது எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி விடியலில் மில்கா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கெளம்பு. இன்னிக்கு நாப்பதாம் நாள்."

"யாருக்குடி?"

"இஸ்க்ராவுக்கு. நாப்பதாம் நாள் சாவுச் சாப்பாட்டுக்கு வாசல்ல வந்து நிக்கிறவங்களை யாரும் தொரத்த முடியாது. அவங்கம்மாவை நான் பாக்கணும்."

"அந்த ஆளு உன்னைக் கொன்னுருவான்."

"கொன்னா உனக்கு என் கூண்டுத் தரை துடைக்கிற வேலை மிச்சம். வா."

ரூசே நகரில் பேருந்து மாறினோம். பனி தூறிக்கொண்டிருந்தது. ஸ்தமென் வீட்டு வாசற்கதவில் அதே தாள். உள்ளே மேசை போட்டிருந்தார்கள். பாதிரியார் வர மறுத்துவிட்டாராம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர், யார் முகத்தையும் யாரும் பார்க்காமல், வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவித் தின்றுகொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கும் பெண்ணுக்குச் சாவுச் சோறு. என் கைக்கும் ஒரு கிண்ணம் வந்தது. மேசை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

ஸ்தமென் மில்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தாடை அசைந்தது. பிறகு நாற்காலியைக் காலால் தள்ளினார்.

"உக்காரு. தின்னு. நாப்பதாம் நாளுக்கு வந்தவளை வெளிய தள்ளினேன்னு ஊர் பேச வேண்டாம்."

இஸ்க்ராவின் அம்மா வெலிச்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். மகளுக்கு இருந்த அதே உயரம், அதே குறுகிய தோள். கிண்ணங்களை எடுத்தாள், வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் செத்தவளின் துணிகளைத் தானம் கொடுக்கும் வழக்கம். ஒருத்திக்குக் கழுத்துத்துணி, ஒருத்திக்குச் செருப்பு. பிறகு வெலிச்கா உள்ளே போய் ஒரு கரும்பச்சைக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தாள். நேராக மில்கா முன்னால் வந்து நின்றாள்.

"அதை எதுக்குக் குடுக்கற?" என்றார் ஸ்தமென். "நல்ல கோட்டு. இருக்கட்டும்."

"செத்தவ துணி வீட்ல இருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?" என்றாள் அவள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மில்காவிடம் சொன்னாள், "உங்க பக்கம் மலை. குளிர் ஜாஸ்தி. உயரமான பொண்ணு யாராச்சும் இருந்தாக் குடுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்தமெனுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அவர் போட்ட மேசை அது. தன் மகள் செத்துவிட்டாள் என்று அவரே ஊரைக் கூட்டிச் சொன்ன பிறகு, அவள் துணியைத் தானம் கொடுக்காதே என்று எந்த வாயால் சொல்வார்?

கொடுக்கும்போது சொல்ல வேண்டியதை வெலிச்கா சொன்னாள். "எம்பொண்ணு இஸ்க்ராவுக்காக. கடவுள் அவளை மன்னிக்கட்டும்."

வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தானம் செல்லும். மில்கா கோட்டைப் பிடித்திருந்தாள். வெலிச்கா விடவில்லை. விடவும் முடியாது, ஸ்தமென் பார்த்துக்கொண்டிருந்தார், மேசையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருடமாகக் கூண்டில் ஓயாத வாய், அன்று திறக்கவே மறுத்தது.  வெலிச்கா கெஞ்சுவதுபோலத் தலையை லேசாக அசைத்தாள்.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்," என்றாள் மில்கா.

வெலிச்கா கையை எடுத்தாள். குனிந்து, காலரைச் சரிசெய்கிறவள்போல, "பட்டனெல்லாம் திரும்ப இறுக்கித் தெச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் மில்கா கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அன்னிக்கு ஒரு தடவை வாயத் திறந்து கொன்னேன்," என்றாள். "இன்னிக்கு ரெண்டாந்தடவை."  பொய்யாக ஆறுதல் சொல்ல வராது எனக்கு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இஸ்க்ராவின் அறைக்கு நானும் போனேன். மிரெலா கதவைத் திறந்தாள். இஸ்க்ரா போர்வையைச் சுற்றிக்கொண்டு மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். கோட்டைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அம்மாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்பா இருந்தாரா?"

"இருந்தாரு."

"அவர் இருக்கும்போது எப்படிக் குடுத்தாங்க?"

மில்கா கோட்டின் காலரைத் தடவினாள். இஸ்க்ராவும் கிராமத்துப் பெண்தானே. விரல்விட்டு நாட்களை எண்ணினாள். நின்றாள்.

"இன்னிக்கு நாப்பதா?"

"ஆமா."

"அம்மா சொன்னாங்களா? அந்த வார்த்தையை?"

"சொன்னாங்க."

"என் பேரைச் சொல்லி?"

"உம் பேரைச் சொல்லித்தான்."

"நீங்க?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மிரெலாகூட, வேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.

"நானும் சொன்னேம்மா. சொல்லலேன்னா கோட்டு வந்திருக்காது."

இஸ்க்ரா போர்வையைக் கட்டிலில் போட்டாள். கோட்டை வாங்கி ஒரு கையை நுழைத்தாள், பிறகு மற்றொரு கையை. பட்டன்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கழுத்துவரை போட்டு முடித்தபின் மில்காவை நிமிர்ந்து பார்த்தாள். நாலு வாரத்தில் முதல் தடவை.

"செத்தவளுக்கும் குளிரும்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு அத்தை," என்றாள்.