பினாங்கு மாப்பிள்ளை காட்டிய கோயில் படங்கள்

என்னைப் பெண் பார்க்கப் பினாங்கிலிருந்து ஒருவர் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை, தரகர் மட்டும் கூட வந்தார். அதுவே எனக்கு உறுத்தியது.

வந்தவர் படங்களை எடுத்துப் பரப்பினார். சயாமில் படுத்திருக்கும் புத்தர், பினாங்கு மலைமேல் முருகன் கோயில். ஷிப்ட் முடித்து வந்த அப்பா அசந்துபோய்ப் பார்த்தார். தட்டு மாற்றிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

அடுத்த படத்தில், அதே கோயிலில் ஒரு குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். குழந்தை யாரோ ஒருவர் மடியில். இவர் மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில்.

“யார் குழந்தைங்க இது?” என்று கேட்டேன்.

“எங்க அக்கா மவன்.”

“அப்ப தாய்மாமன் நீங்கதானே? உங்க மடியில இல்ல உக்காரணும்? வேற ஆளு வச்சிகினு இருக்காரே?”

“அன்னிக்கு எனக்கு இடுப்புவலி.”

“சும்மா இருடி, வாயாடி!” என்றாள் அம்மா.

ஆனால் அப்பா கையை நீட்டினார். “அந்தப் படத்த இப்படிக் குடு தம்பி. நீ நிக்கிறது அப்பன் நிக்கிற எடமாச்சே?”

அவர் படங்களைப் பையில் திணித்துக்கொண்டு, காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

தாய்மாமன் மடி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெண் பார்க்க வந்தவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்க, எங்கள் வீட்டுப் பெண்களில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போன எனக்குத்தான் வாய் வந்தது.