வூட்டப் பூட்டிக்கிட்டு எங்க பூட்டீங்க

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை வாங்கிப் பண்ருட்டி வியாபாரிகளுக்குக் கைமாற்றிவிடுகிற மலர்க்கொடிக்கு, தமிழ்நாட்டில் யாருக்குமே ஒழுங்காகப் பேச வரவில்லை என்று ஒரு கருத்து உண்டு. கோயம்புத்தூர்க்காரர்கள் பாடுகிறார்கள். மதுரைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மெட்ராஸ்காரர்கள் பாதியை முழுங்கிவிடுகிறார்கள். "நம்ம பக்கந்தான் ஒரு கலப்பும் இல்லாத பேச்சு" என்பாள். கொட்டை கொண்டுவரும் விவசாயிகளும் ஆமாங்க என்பார்கள். எடை போடுகிறவளிடம் வேறென்ன சொல்வது?

இப்படிப்பட்டவளுக்குத் தென்காசியிலிருந்து மருமகள் வாய்த்தாள். பெயர் இசக்கியம்மாள். மகன் தமிழழகன் திருச்சியில் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்ட பெண். வந்த மறுநாள் காலையில் அவள், "அத்தே, காப்பி குடிக்கியளா?" என்று கேட்டாள். மலர்க்கொடி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதோடு விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மருமகளைக் கூப்பிடுவாள். "எங்க, அந்த 'என்னத்த சொல்லுதிய'ங்கறத ஒருக்கா சொல்லு, கேப்பம்." இசக்கியும் சொல்வாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். விக்கிரமங்கலத்தில் இருக்கும் அக்கா வீரம்மாளுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கூடச் சொல்லச் சொன்னாள். இசக்கிக்குக் கோபம் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அவள் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். காது மட்டும் மாமியார் பேச்சில் இருந்தது.

ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. யாரோ எங்கிருந்தோ அனுப்பியது. ஃபில்டர் போட்டு உப்பிய கன்னமும் பெரிய மூக்கும் வைத்த ஒரு பொம்பளை, தோளில் துண்டோடு போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"அலோ, ஏங்க, கொட்ட லோடு வண்டி அப்பவே பூடுச்சின்னாங்க, இன்னும் வல்லியா? ஆள வூட்டுக்கு அனுப்புனா யாரையும் காணும். வூட்டப் பூட்டிக்கிட்டு எங்க பூட்டீங்க?"

மலர்க்கொடி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யாரு பெத்த புள்ளையோ, எங்க அக்காள அப்புடியே உரிச்சி வச்சிருக்கா" என்று கணவர் சிங்காரவேலுவிடம் காட்டினாள். அவர் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அவள் சும்மா இருந்திருக்கலாம். வீடியோவை வீரம்மாளுக்கு அனுப்பி, குரல் பதிவும் போட்டாள். "யக்கா, உன்னய யாரோ வீடியோ புடிச்சிப் போட்டுட்டாங்க, பாரு. மானமே பூடுச்சி."

வீரம்மாள் உடனே கூப்பிட்டாள். "ஏன்டி, கொட்ட யாவாரம் நான் பண்றனா, நீ பண்றியா?"

"ஏன், அதுக்கென்ன?"

"அது நீதான்டி. வேணும்னா நீ எனக்குப் பேசி அனுப்புனத நீயே போட்டுக் கேளு."

மலர்க்கொடி போட்டுக் கேட்டாள். பிறகு வீடியோவைப் போட்டாள். மறுபடி தன் குரலைப் போட்டாள். அதன்பிறகு அடுப்படிக்குப் போனாள். இசக்கி சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"ஆமா அத்தே. எங்க அக்காவுக்கு மட்டுந்தான் அனுப்புனேன். அவ ஊருக்கே அனுப்பிட்டா."

மலர்க்கொடி அடுப்படியைவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் முதல் சுத்தத் தமிழுக்கு மாறினாள்.

காலையில் பூங்காவனம் என்கிற விவசாயி மூட்டையோடு வந்தார். "வாருங்கள். மூட்டையை இறக்கி வையுங்கள். எடை போட வேண்டும்" என்றாள். பூங்காவனம் மூட்டையை இறக்கவில்லை. எட்டி உள்ளே பார்த்து, "ஆபீசருங்க யாராச்சும் வந்துருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றாள். அவர் நம்பவில்லை. சாயந்திரம் வருவதாகச் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். மதியம் சிங்காரவேலுவை, "சாப்பிட வருகிறீர்களா?" என்று கூப்பிட்டாள். தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அந்த மனுஷன் இரண்டாம் தடவை குழம்பு கேட்காமலே எழுந்தார். பண்ருட்டி வியாபாரி போனை வைத்துவிட்டுத் தமிழழகனைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லிங்களா?" என்றார்.

அவளுக்கே வாய் வலித்தது. வீடு என்று சொல்வதற்குள் உதடு தானாகக் குவிந்தது, அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்தக் கூத்துக்குக் கோடைமழைதான் முடிவுகட்டியது. வாசலில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"ஐயையோ, மழ வந்துடுச்சி. கொட்டையெல்லாம் நனஞ்சி பூடும். வூட்டுல ஒருத்தரும் இல்லியா, எங்க பூட்டீங்க எல்லாரும்?"

தெருவே ஓடிவந்தது. சிங்காரவேலு தார்ப்பாயோடு, முகத்தில் நிம்மதியோடு வந்தார். இசக்கி முறத்தால் வாரி வாரிச் சாக்கில் போட்டாள். ஓரத்தில் இருந்த குவியலைக் காட்டி, "அத்தே, இது நனைஞ்சி பூடுச்சீ" என்று கத்தினாள். கிண்டலுக்கு இல்லை, அவசரத்தில் அப்படித்தான் வந்தது.

மலர்க்கொடி மழையிலேயே நின்றுவிட்டாள். "இழுக்காதடி. பூடுச்சி. வெடுக்குன்னு வுட்டுடணும். வீடியோவுலயும் அப்புடித்தான் இழுத்து வச்சிருக்க, கேக்க சகிக்கல."

"இன்னொருக்கா சொல்லுங்க அத்தே."

"மொதல்ல கொட்டைய அள்ளு."

அடுத்த வாரம் புது வீடியோவுக்கு மாமியாரே நடிக்கிறேன் என்று முன்வந்தாள். கேமராவைப் பார்த்ததும் செய்தி வாசிக்கத் தொடங்கிவிட்டதால் அது சரிப்படவில்லை. இசக்கியே நடித்தாள். மலர்க்கொடி போனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருத்தினாள். ஒரு வரிக்காக மருமகளை மத்தியானம் முழுக்கப் படுத்தி எடுத்தாள்.

வீடியோ நன்றாக ஓடியது. கீழே, பெரம்பலூர் பக்கத்துப் பாடாலூர்க்காரர் ஒருவர், "எங்க பக்கம் யாரும் இப்படிப் பேச மாட்டோம், இது ஜெயங்கொண்டம் பேச்சு" என்று எழுதியிருந்தார். ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி, "நாங்க தெளிவாப் பேசுவோம், பெரம்பலூர்க்காரங்கதான் இப்படி" என்று பதில் போட்டிருந்தாள்.

இசக்கி இரண்டையும் வாசித்துக் காட்டினாள். "ரெண்டு பேரு சொல்றதும் ஞாயந்தான், நம்ம ஆண்டிமடத்த யாரும் சொல்லல பாரு" என்று போனை வாங்கி, இருவருக்கும் லைக் போட்டாள் மலர்க்கொடி.