பின் சீட்டில் கேமரன் மலைக்கு

"…அதனாலதான் சொல்றேன் லா, சார் மாதிரி ஆளுங்க கோடு போட்டாத்தான் லோரி மலை ஏறும்," என்றார் முனியாண்டி. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, வாடகைக் கார் ஓட்டுபவர். ஈப்போவில் காலை ஏழரைக்கு வண்டியை எடுத்ததிலிருந்து இதே பாட்டுதான். சார் என்பது என் தங்கை கணவர் சேகர். கும்பகோணத்திலிருந்து கோலாலம்பூர் வந்து குடியேறி, நெடுஞ்சாலையும் சுரங்கப் பாதையும் வடிவமைக்கிற என்ஜினியர். முன் சீட்டு அவருக்கு. நான் ஊரிலிருந்து அவர்களைப் பார்க்க வந்தவன்; எட்டாவதோடு நின்று, முப்பது வருஷமாகச் சுவர் எழுப்புகிற மேஸ்திரி. பின் சீட்டு, பைகளோடு.

ஒளிப்பானேன்? வயிறு எரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவரிடம், "இதை எப்படி சார் கணக்குப் பண்ணுவாங்க?" என்னிடம், "அண்ணே, வாந்தி வருதா?"

ஒன்பதே கால். கோலா தெர்லா தாண்டியதும் ரோட்டோரம் ஒரு தடுப்புச் சுவர். மேலே காய்கறித் தோட்டம். முந்தின நாள் நல்ல மழை. சுவரில் பதித்த குழாய்களில் எல்லாம் தெளிந்த நீர் சொட்ட, ஒன்றில் மட்டும் செம்மண் கலங்கல்.

"மாப்பிள்ளை, உள்ளே மண்ணு கரையுது, சுவர் சரிஞ்சிடும். நிறுத்தச் சொல்லுங்க."

"என்ஜினியரே பக்கத்துல இருக்காரு, நீங்க ஏண்ணே பயப்படுறீங்க?" முனியாண்டிக்குச் சிரிப்பு.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. இறங்கிப் போய்க் குழாயடியில் கையை ஏந்தினார். நீர் வழிந்தோட, உள்ளங்கையில் மண் தங்கியது. உடனே ரோட்டு ஆபீசுக்குப் போன் போட்டார். முக்கால் மணியில் ஆட்கள் வந்து சுவரோரப் பாதையை மறித்தார்கள்.

பத்தரை. அடுத்த ஊரான திரிங்காப்பில், டீக்கடையில் டீ, இரண்டு ரிங்கிட் ஐம்பது காசு. காய்கறி லோரிக்காரர்கள் நடுவே முனியாண்டி முழங்கினார்: "சார் சும்மா கையை நீட்டினாரு லா. மலைக்குள்ள என்னன்னு சொல்லிட்டாரு!"

"நான் இல்லைங்க. பார்த்தது எங்க மச்சான்," என்று மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார்.

அப்பாடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களா! இவ்வளவு படிச்சும் பேரை அடுத்தவருக்குக் குடுக்குறாரு. என்ன மனசு!" முனியாண்டி சொல்ல, கடையே தலையாட்டியது.

மாப்பிள்ளை நல்லவர். அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவராயிருந்தால் மனசுக்குள் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

நாங்கள் போகவேண்டிய தானா ராத்தாவுக்குக் கிளம்பினோம். எதிர்ப் பூக்கடையில் முனியாண்டி பதினைந்து ரிங்கிட்டுக்கு ஒரு சாமந்திக் கட்டு வாங்கினார். எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு வாசல் நிறையத் தோரணம் கட்டலாம். "சாருக்கு," என்றார். பின் கதவைத் திறந்தார். பூக்கட்டை என் மடியில் நிறுத்தி, "கசங்காம பிடிச்சுக்குங்கண்ணே," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.