நான் தாண்டிப் படித்த பத்தி

ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் யார் வீட்டுக்கு இங்கிலீஷில் காகிதம் வந்தாலும் அது என் கைக்கு வந்துவிடும். இன்ஷூரன்ஸ் நோட்டீஸ், பள்ளிக்கூட லெட்டர், மருந்துச் சீட்டுகூட. நான் பி.காம். முதல் வருஷம். பேச்சும் வேகம், படிப்பும் வேகம். பார்த்த மாத்திரத்தில் தமிழில் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

எதிர் பிளாக் அண்ணன் பாக்டரி ஃபுட்பால் டீமில் ஃபார்வர்ட். ஆட்டத்துக்காகவே வேலை கொடுக்கப்பட்டவர். பந்து அவர் காலுக்கு வந்தால், கோலுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் சைக்கிள்களை ஆட்கள் ஓடிப்போய் நகர்த்துவார்கள். எண்பதுகளின் கடைசியில் அவருக்கு முப்பத்து மூன்று வயது. இடது முட்டி ஏற்கெனவே இரண்டு தடவை விலகியிருந்தது. மேட்ச் முடிந்து வந்தால் ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டுதான் சாப்பாடு. தரையில் உட்கார முடியாது. பல ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முட்டிக்கு ஐஸ் வைத்தவன் நான்தான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

அந்தச் சமயத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி புதிதாக டீம் கட்டியது. பெரிய லீக்கில் ஆட வேண்டும், பெயருள்ள ஆள் வேண்டும். அண்ணனுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம், இரட்டைச் சம்பளம், குடியிருக்க வீடு. பாக்டரி வேலையை மட்டும் ராஜினாமா செய்ய வேண்டும்.

விஷயம் ஒரே நாளில் டீக்கடைக்குப் போய்விட்டது.

“இன்னா அண்ணாத்தே, முட்டிக்கும் சேத்து எக்ரிமென்ட் போட்டாங்களா?” என்றான் கோல்கீப்பர்.

“மொதல்ல உன் கைக்குப் போடச் சொல்லு. போன வாரம் மூணு கோல் உட்டியே,” என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். வீட்டில் அண்ணி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டியபோது, “நிதானமா படி தம்பி. கவர்மென்ட் வேலைய உடறாரு. இங்க காலு போனாலும் ஸ்டோர்ஸ்ல ஒரு நாற்காலி போட்டு ஒக்கார வெப்பாங்க. அங்க இன்னா பண்ணுவாங்க, அதப் பாத்துச் சொல்லு,” என்றார்.

சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சம்பளம், வீடு, ஜெர்சி, வெளியூர்ப் பயணம். பதினோராவது பத்தி: பழைய காயத்தை மறைத்தது தெரியவந்தால் கம்பெனி எந்த நாளிலும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். கண் அதைப் படித்து முடித்துவிட்டது. வாய் பன்னிரண்டாவதுக்குப் போய்விட்டது.

யோசித்துச் செய்யவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அண்ணனைப் பெரிய மைதானத்தில் பார்க்க வேண்டும், அதை நடத்திவைத்தவன் நான் என்று காலேஜில் சொல்ல வேண்டும். பதினொன்றைப் படித்தால் அண்ணி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான்கு வருஷம் முடியும்போது அவருக்கு முப்பத்தேழு ஆகும், அந்த முட்டிக்கும் முப்பத்தேழு ஆகும் என்ற கணக்கை பி.காம். படிக்கிறவன் போட்டுப் பார்க்கவில்லை.

கூடவே ஒரு ஃபாரம். ‘பழைய காயங்கள் உண்டா?’ அவரைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். கேட்காமலே, ‘இல்லை’ என்று இங்கிலீஷில் அழகாக எழுதினேன்.

“அதுல இன்னாடா எழுதுற?”

“சும்மா ஃபார்மாலிட்டிண்ணே.”

தமிழில் கையெழுத்துப் போட்டார். கம்பெனி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்ததோடு சரி. முட்டி பக்கம் போகவில்லை.

முதல் சீசன் நன்றாகவே போனது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து அம்பத்தூரில் கம்பெனி வீட்டுக்குப் போனார்கள். இரண்டாவது சீசனில், மழை பெய்து காய்ந்த ஒரு மைதானத்தில், யாரும் தொடாமலே விழுந்தார். பந்தோடு திரும்பினார், கால் மட்டும் திரும்பவில்லை. அதற்கு ஒரு நொடி முன்வரை நான் வெளியே நின்று “ஓடுண்ணே, ஓடுண்ணே” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், இது இன்றைக்கு வந்ததில்லை என்றார்.

கம்பெனி கூப்பிட்டபோது இங்கிலீஷ் பேச நானும் கூடப் போனேன். அந்த மேனேஜரைக் கெட்டவராக நினைக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. நான்கு வருஷத்துக்கு ஆள் எடுத்தவருக்கு ஒரு வருஷக் கால்தான் கிடைத்திருந்தது. அவர் ஃபாரத்தை மேஜை மேல் வைத்து, “இதை யார் எழுதினது?” என்று தமிழிலேயே கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், “நான்தான் சார்,” என்றார்.

மேனேஜர் அந்த இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தார், கீழே தமிழ்க் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒப்பந்தம் முறிந்தது. வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் கொடுத்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் சாமான் கட்ட உதவப் போனேன். பாதி மூட்டை கட்டியாகிவிட்டது. அண்ணன் சுவரில் சாய்ந்து, காலை மூட்டை மேல் நீட்டியிருந்தார். பழைய ஒப்பந்தத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

“மொதல்லேர்ந்து படிடா. எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சுக்கறேன்.”

படித்தேன். சம்பளம், வீடு, ஜெர்சி. பத்தாவது பத்தி முடிந்ததும் நிறுத்தினேன். தாண்டிவிடலாம், முன்பு தாண்டியவன்தானே. அண்ணி புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றைப் படித்தேன், ஒரு வார்த்தை விடாமல்.

அண்ணன், “இது அப்பவே இருந்துச்சா?” என்றார்.

“இருந்துச்சுண்ணே.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

“சரி. பன்னெண்டப் படி.”

படித்தேன். பயிற்சிக்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் மைதானத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது.