டீச்சர் சொல்லாத சொல்

நான் பொய் சொன்னேன். என் கணித ஆசிரியை சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எல்லோரையும் நம்பவைத்தேன். முகம் சுழிக்காதீர்கள்... நம்பியவர்கள் நோர்வேத் தமிழர்களாகிய நீங்கள்தான்!

அப்போது எனக்குப் பதினேழு வயது. குரோருட் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவன். பள்ளி முடிக்கும் முன்பே பல்கலைக்கழகக் கணிதம் படிக்க எனக்கு இடம் வாங்கித் தந்தவர் அந்த நோர்வேக்கார ஆசிரியை. எனக்காக எத்தனை பேரிடம் வாதாடினார்!

நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் பரீட்சை எழுதும் முன்பே நம் விழாக்கள் நடக்கும் திராமன் மண்டபத்தில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினீர்கள். "எங்கடை பெடியன், நோர்வேக்காரன்ரை யூனிவர்சிட்டியிலை!" என்று கைதட்டினீர்கள். விரிவுரையில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பொன்னாடை போட்டவன் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பரீட்சையில் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்று அப்பா கேட்டார்.

"டீச்சர் சொன்னவ, உங்கடை ஆக்களுக்கு இது சரிவராதாம்."

அப்பா உடனே நம்பினார். வேலைக்குப் போன இடமெல்லாம் அதைக் கேட்டு நொந்தவர் அவர். அந்தப் புண்ணில்தான் கை வைத்தேன்... தெரிந்தே! பள்ளிக்குப் போய்க் கத்தினார். தான் அப்படிச் சொன்னாரா என்று ஆசிரியை என்னையே பார்த்துக் கேட்டார். ஆம் என்றேன். வாய் கூசியதா? இல்லை. அவர் அழுதபோது எரிச்சல்தான் வந்தது.

பக்கத்து அம்மருட்டில் நிவேதா என்றொரு பிள்ளை, எங்கள் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே. என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரி. ஒருநாள் ரயிலில் என்னருகே வந்து நின்றாள்.

"அண்ணா, டீச்சர் என்னையும் யூனிவர்சிட்டிக்குப் போகச் சொல்லுறா. உங்களுக்கு அவ உண்மையா அப்பிடிச் சொன்னவவோ?"

இல்லை என்றிருக்கலாம். ஒரே சொல்! அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு? என் மானம்தான் பெரிதாகப் பட்டது... பாழாய்ப்போன மானம்!

"ஓம். கவனமா இரும்."

அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு கணிதத்தையே விட்டுவிட்டாள்.

சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டில் அவள் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்களும் அங்கே சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

"நல்லகாலம் தம்பி, நீர் சொன்னபடியாலை என்ரை பிள்ளை தப்பினவள்."

பக்கத்தில் நின்ற நிவேதா ஆமோதித்துத் தலையாட்டினாள்.

"அதுக்கென்ன அன்ரி" என்று சொல்லிச் சிரித்தேன்.